1883-ல் அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டியவர்

புனேயில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் ஆன்சைட் கிளம்பிக்கொண்டிருப்பார். ஹிஞ்ஜவடி பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். குக்கரை வைக்கலாமா, புளி எத்தனை கிலோ, பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிடுமோ என்று எடை மெஷினில் ஏறி இறங்குவது, சாம்பார்ப் பொடிக்கு மூன்று கவர் போடுவது... இந்த லிஸ்ட் எல்லோரிடமும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. இந்த ஊர் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஒரு பெண், 1883-ல், பதினெட்டு வயதில், கணவர் துணைகூட இல்லாமல் டாக்டருக்குப் படிக்க அமெரிக்கா போனார். பெயர் ஆனந்திபாய் ஜோஷி. அவர் என்னென்ன ஏற்பாடு செய்தார், எதைச் செய்ய முடியாமல் போனது என்பதைப் பார்த்தால் நம் லிஸ்டில் இல்லாத ஒன்று தெரிகிறது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். பிறந்தது 1865. கல்யாண் ஊர்க் குடும்பம். ஒன்பது வயதில் தபால் இலாகா குமாஸ்தா கோபாலராவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பதினான்கு வயதில் பிறந்த ஆண் குழந்தை பத்தே நாளில் இறந்துபோனது. டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது என்பார்கள். கோபாலராவ் மனைவியைப் படிக்கவைத்தே தீருவேன் என்று நின்றவர். அதற்காக அவர் அந்தப் பெண்ணைப் படுத்திய பாட்டைப் படித்தால் புரட்சிக் கணவர் என்று கை தட்ட மனசு வராது. அது தனிக் கதை.

பாஸ்போர்ட், விசா தொல்லை அவருக்கு இல்லை. இந்தியாவில் பாஸ்போர்ட் சட்டம் வந்ததே 1920-ல்தான். ஆனால் அதைவிடப் பெரிய கேட் ஒன்று இருந்தது. கடல் தாண்டினால் ஜாதி போய்விடும். ஊரே கேட்ட கேள்விகளுக்கு 1883 பிப்ரவரியில் செராம்பூர் கல்லூரியில் மேடையேறி ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். ஏன் போகிறாய், இங்கே படிக்க முடியாதா, ஏன் தனியாக, திரும்பி வந்தால் ஒதுக்கிவைக்க மாட்டார்களா, அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? இன்றைக்கும் பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பும் வீட்டில் பெரியப்பா கேட்கிற கேள்விகள்தான், ஜாதிப் பேச்சு மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இந்துவாகவே போகிறேன், இந்துவாகவே திரும்புவேன் என்பது அவர் தரப்பு. அதில் நம்ம மெட்ராஸ் பெயரும் வரும். அங்கே ஒரு கல்லூரி இருக்கிறது, ஆனால் சொல்லித்தருவது போதாது என்றார். (மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.) அந்தப் பேச்சு பத்திரிகைகளில் வந்து, பல பக்கமிருந்தும் பண உதவி வரத் தொடங்கியது.

என் கணக்கில் அவர் செய்த மிகப் பெரிய ஏற்பாடு பணமும் இல்லை, பேச்சும் இல்லை. கடிதம். 1880-ல் கோபாலராவ் ஒரு அமெரிக்கப் பாதிரியாருக்கு எழுதிய கடிதம் அங்கே ஒரு மிஷன் பத்திரிகையில் அச்சானது. நியூஜெர்சி மாநிலத்தில் ரோசல் என்ற ஊரைச் சேர்ந்த தியோடிசியா கார்ப்பென்டர் என்ற அம்மாள், பல் டாக்டரிடம் காத்திருந்தபோது அதைப் படித்துவிட்டு எழுதிப்போட்டார். அப்புறம் மூன்று வருஷம் கடிதம் போய் வந்துகொண்டே இருந்தது. ஒரு தடவைகூடப் பார்க்காத அந்த அம்மாளை ஆனந்திபாய் 'மாவ்ஷி' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார், நம்மூர்ச் சித்தி. 1883 ஏப்ரல் 7-ம் தேதி கல்கத்தாவில் மிஷனரிப் பெண்களோடு கப்பல் ஏறி, ஜூன் 4-ல் நியூயார்க்கில் இறங்கியவருக்குப் போய்ச்சேர ஒரு வீடு இருந்தது. அந்தக் கோடையை அவர் ரோசலில் கார்ப்பென்டர் குடும்பத்தோடு கழித்தார். மொழி, பழக்கவழக்கம், கடைத்தெரு எல்லாம் ஒரு வீட்டுக்குள் இருந்தபடியே பழகியது.

உடை விஷயத்திலும் யோசித்திருக்கிறார். மராத்திக்காரர்களின் ஒன்பது கஜம் கெண்டைக்காலை மூடாது, அந்தக் குளிருக்கு உதவாது. அதனால் குஜராத்தி முறையில், பாவாடை மேல் கால் மறைய உடுத்த ஆரம்பித்தார். புடவையையும் விடவில்லை, குளிரையும் பார்த்துக்கொண்டாயிற்று. ஆனால் சைவச் சாப்பாட்டை விடாதவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கறிவேப்பிலை விற்கும் கடை ஏது அங்கே?

அக்டோபரில் பிலடெல்பியா. பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி. முதல்வர் ரேச்சல் பாட்லி மூன்று வருஷத்துக்கு 600 டாலர் உதவித்தொகை தந்தார். கோடையில் ஒரு குடும்பத்தோடு இருந்தவர், குளிர்காலம் தொடங்கும்போது தனி அறைக்கு வந்தார். அந்த அறையின் கணப்பு சரியில்லை. மூட்டினால் அறை முழுக்கப் புகை, மூட்டாவிட்டால் விறைக்கும் குளிர். புகையா குளிரா என்பதுதான் தினசரிக் கேள்வி. உடம்பு படிப்படியாக விழுந்தது, கடைசியில் காசநோய். அதற்குக் கிருமிதான் காரணம், அறையின் மேல் முழுப் பழியும் போட முடியாது. ஆனால் சத்தில்லாத சாப்பாடும் குளிரும் புகையும் சேர்ந்தால் எந்த உடம்பு தாங்கும்?

1886 மார்ச் 11-ல் பட்டம் வாங்கினார். (அதே வருஷம் கல்கத்தாவில் காதம்பினி கங்குலியும் டாக்டரானார். யார் முதல் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.) கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுப் பொறுப்பு காத்திருந்தது. அந்த வேலையில் சேரவே முடியவில்லை. 1887 பிப்ரவரி 26-ல் புனேயில் இறந்தார். இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. அஸ்தி கார்ப்பென்டர் அம்மாளுக்குப் போனது. நியூயார்க் மாநிலத்தில் போகீப்ஸி என்ற ஊரில், தங்கள் குடும்பக் கல்லறையிலேயே அவர் அதை வைத்தார்.

இதைப் படித்ததும் எனக்கு நம்ம கும்பகோணத்துக்காரர் ஞாபகம்தான் வந்தது. ராமானுஜன் 1914 மார்ச் 17-ல் மெட்ராஸில் 'நெவாசா' கப்பல் ஏறினார். அவரும் கிளம்புவதற்கு முன் குடுமியை எடுத்து, கோட்டும் ஷூவும் பழகிக்கொண்டார். அவருக்கும் போய் இறங்க ஒரு வீடு இருந்தது. கேம்பிரிட்ஜில் நெவில் வீட்டில் சில வாரம் தங்கினார். அவரும் ஏப்ரலில், குளிர் விடுகிற நேரத்தில் இறங்கியவர். அப்புறம் டிரினிட்டி கல்லூரியில் தனி அறை, பின்னாலேயே குளிர்காலம். ராத்திரி குளிர் தாங்கவில்லை என்றவரின் படுக்கையை மகலநோபிஸ் போய்ப் பார்த்தால், கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து மடித்துச் செருகியபடியே இருக்கின்றன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஓவர்கோட்டும் சால்வையுமாக அதற்கு மேலேயே படுத்திருக்கிறார்! கணக்கில் மேதை, ஆனால் கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்பதை கும்பகோணத்தில் யார் சொல்லித்தருவார்கள்? அவரும் 1917-ல் படுத்தார், 1919-ல் திரும்பினார், 1920 ஏப்ரலில் 32 வயதில் போய்விட்டார். அது காசநோய் இல்லை, ஈரலைப் பிடித்த அமீபா என்று பின்னால் ஒரு டாக்டர் எழுதினார்.

இருவரும் இறங்கியது நல்ல பருவத்தில். முதல் சில வாரமோ மாதமோ பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. ஆள் விலகியபோதுதான் குளிர் வந்தது.

இன்றைக்கும் நம் பசங்கள் போவது ஆகஸ்டில், காலேஜ் திறக்கும் நேரத்தில். போன உடனே வீடு பார்க்கும்போது வெயில் அடிக்கும். ஜன்னல் பெரிதாக இருக்கிறது, வாடகை குறைவு என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: ஹீட்டிங் வாடகையில் சேர்ந்ததா, தனியா? அறையிலேயே கூட்டிக் குறைக்க முடியுமா, இல்லை வீட்டுக்காரர் கையில் இருக்கிறதா? கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இருக்கிறதா? அங்கே ஏற்கெனவே ஒரு குளிர்காலம் கழித்த தமிழர் யாராவது இருந்தால் இதையெல்லாம் இப்போதே அவரிடம் கேட்டுவிடுங்கள். கோட்டைப் புனேயில் வாங்க வேண்டாம், இங்கே விற்பது மகாபலேஷ்வருக்குத்தான் சரி. உள்ளே போடும் தெர்மல் இரண்டு செட் மட்டும் எடுத்துப்போனால் முதல் வாரத்துக்குப் போதும், மற்றதை அங்கேயே வாங்கலாம். மிச்சமிருக்கும் எடைக்கு இன்னும் ஒரு கவர் சாம்பார்ப் பொடி வைத்துக்கொள்ளுங்கள்.