வயலின் விளிம்பில் ஓடும் கறுப்புக் கோடு: அழகு மட்டுமன்று, காப்பும்கூட

வயலினின் முகப்பை உற்றுப் பார்த்தால், விளிம்பிலிருந்து ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உள்ளே, இரட்டைக் கறுப்புக் கோடு ஒன்று சுற்றிவருவது தெரியும். அழகுக்காக வரையப்பட்ட கோடு என்றே பலரும் அதை நினைக்கின்றனர்.

நல்ல வயலினில் அது வரையப்பட்டதன்று. மரத்தில் பள்ளம் வெட்டிப் பதிக்கப்பட்டது. 'பர்ஃப்லிங்' எனப்படும் இந்தப் பதிப்பில் மூன்று மெல்லிய மரக்கீற்றுகள் ஒட்டியிருக்கும். இரு பக்கமும் கறுப்பு, நடுவில் வெளிர்நிறம். மூன்றும் சேர்ந்தே சுமார் 1.2 மில்லிமீட்டர் அகலம்தான்.

விரிசலுக்குத் தடை

வயலினின் மேற்பலகை, ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. அதன் இழையோட்டம் நீளவாக்கில் செல்வதால், அடிபட்டால் இழையின் வழியே எளிதில் பிளந்துவிடும்.

பலகையின் விளிம்பு பக்கச் சுவரைத் தாண்டிச் சற்று வெளியே நீண்டிருக்கும். எங்கேனும் இடித்தால் முதல் அடி அங்குதான் விழும். அப்போது ஏற்படும் சிறு விரிசல் உள்ளே பரவாமல், பதித்த கீற்று பெரும்பாலும் அதைத் தடுத்து நிறுத்துகிறது.

கர்நாடக இசைக் கலைஞர்கள் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கின்றனர். வாத்தியம் தரைக்கு அருகிலேயே இருப்பதால், விளிம்பின் பாதுகாப்பு அவர்களுக்கும் முக்கியம்.

பதிக்கும் விதம்

கைவினைஞர் முதலில் இரட்டை அலகு கொண்ட கருவியால் விளிம்பையொட்டிக் கோடு கீறுவார். பிறகு கத்தியால் அந்தக் கோடுகளை ஆழப்படுத்தி, நடுவிலுள்ள மரத்தைச் சுரண்டி எடுப்பார். பள்ளத்தின் ஆழம் சுமார் 2 மில்லிமீட்டர்.

கீற்றுகளைச் சூடான இரும்பில் வளைத்து, விலங்குப் பசை தடவிப் பள்ளத்தில் இறக்குவார்கள். நான்கு மூலைகளிலும் இரு கீற்றுகள் கூர்மையாகச் சந்திக்க வேண்டும். மூலையை நோக்கி நீளும் அந்த முனையைத் 'தேனீக் கொடுக்கு' என்பர். செய்தவரின் கைத்திறனை அறிய வல்லுநர்கள் கவனிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

இத்தாலியின் கிரெமோனா நகரில் 16ஆம் நூற்றாண்டில் ஆன்ட்ரியா அமாட்டி இக்கலையை வளர்த்தார். பிரெஷியா நகரின் மஜ்ஜினி, இரட்டை வரிசையாகக் கீற்றுகளைப் பதித்ததற்குப் பெயர்பெற்றவர். ஸ்ட்ராடிவாரி 1687இல் செய்த 'ஓலே புல்' வயலினின் விளிம்பில் தந்தத்தாலான சிறு சாய்சதுரங்களும் புள்ளிகளும் மாறிமாறி அமைந்துள்ளன. கிரெமோனாவின் வயலின் கைவினையை யுனெஸ்கோ 2012இல் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

வாங்கும்போது கவனிக்க

மலிவான வயலின்கள் பலவற்றில் இந்தக் கோடு மையால் வரையப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். வரைந்த கோடு மூலைகளில் தேய்ந்து மங்கும். கோட்டுக்கு அடியிலும் பலகையின் இழை தொடர்ந்து ஓடும். பதித்த கோட்டில் கீற்றுகள் சந்திக்கும் இணைப்பைக் காணலாம்.

பதித்த கோடு இருப்பதாலேயே அது கையால் செய்த வயலின் என்று முடிவுசெய்துவிட முடியாது. ஆலைகளிலும் இயந்திரத்தால் பதிக்கின்றனர். வரைந்த கோடு கொண்ட வயலினில் குழந்தை பாடம் பழகுவதில் தவறும் இல்லை. ஆனால், கைவினை வயலின் என்று கூடுதல் விலை கேட்கும்போது இந்தக் கோட்டைப் பார்ப்பது நல்லது.

நம் வட்டாரத்தின் ஈரக்காற்றுக்கும் குளிர்சாதன அறைக்கும் இடையே மாறிமாறிச் செல்லும் வயலினில், மேற்பலகை சில இடங்களில் பக்கச் சுவரைவிட்டு விலகுவதுண்டு. அதைக் கண்டு பதற வேண்டாம். பலகை பிளப்பதற்குமுன் ஒட்டு விடும்படியாகவே விலங்குப் பசையைப் பயன்படுத்துகின்றனர். ஆனால், வீட்டிலுள்ள உடனடிப் பசையால் அதை ஒட்டிவிடக் கூடாது. அந்த ஒட்டு இறுகிவிட்டால், அடுத்த முறை ஒட்டு விடாமல் பலகையே பிளக்கக்கூடும். பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்வதே பாதுகாப்பு.