அவையச்சமும் பொம்மைப் படையும்

திருக்குறளின் பொருட்பாலில் 'அவையஞ்சாமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. பகைவர் நடுவே புகுந்து உயிர் கொடுப்பவர் உலகில் பலர் என்றும், அவை நடுவே அஞ்சாது நிற்பவர் சிலரே என்றும் வள்ளுவர் அங்கே கூறுகிறார். போர்க்களத்தையும் அவைக்களத்தையும் அவர் அருகருகே வைத்துப் பேசியது சிந்திக்கத்தக்கது. மேசைமேல் பெரும்படைகளை நடத்தும் ஆற்றல் வாய்ந்தவர், அறியாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டாமல் தெருமுனையிலேயே திரும்பிவிடுவதுண்டு. அத்தகையோர் ஒருவரையொருவர் கண்டுகொண்ட வரலாறே இவ்வுரையின் பொருளாகும்.

மேசைப் போர் விளையாட்டு என்பது யாது? அகன்ற மேசையொன்றின்மேல் குன்றும் ஆறும் சிற்றூரும் சிறிய அளவில் அமைக்கப்படுகின்றன. விரலளவே உயரமுள்ள, வண்ணம் தீட்டிய சிற்றுருவங்கள் இரு படைகளாக நிற்கின்றன. எத்தனை அங்குலம் நகரலாம் என்பதை அளவுகோல் சொல்லும். எய்த குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஐயம் தோன்றும் இடத்தில் விதிநூல் தீர்ப்பளிக்கும். ஒரு படையைத் திரட்டி வண்ணம் தீட்டி முடிக்க மாதங்கள் பல ஆகும். அது தனியே அமர்ந்து செய்யும் தொழில். ஆனால் அந்தப் படை களம் காண வேண்டுமானால் இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். இவ்விளையாட்டின் இன்பமும் இடரும் இந்த ஒரு செய்தியிலேயே அடங்கியிருக்கின்றன.

இதன் முன்னோர் வரிசை நம் நாட்டில்தான் தொடங்குகிறது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் பாரசீகம் வழியாக மேற்கே சென்று ஐரோப்பியச் சதுரங்கமாயிற்று. ஜெர்மனியின் பிரன்சுவிக் நகரில் ஹெல்விக் என்னும் ஆசிரியர் 1780-ஆம் ஆண்டில் அதை விரித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்களும் பலவகை நிலத்தோற்றங்களும் கொண்ட போர் விளையாட்டாக்கினார். பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-இல் தம் விளையாட்டு மேசையை அரசருக்குக் காட்டினார். அவருடைய மகன் 1824-இல் அதைத் திருத்தி, நிலப்படத்தின்மேல் ஆடத்தக்கதாக வெளியிட்டார். பிரஷ்யப் படைத்தலைமை அதனை அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது.

அந்த அதிகாரிகளுக்கு எதிராளியைத் தேடும் தொல்லை இருக்கவில்லை. உடன் ஆடுபவரைப் படைப்பிரிவே அளித்தது. நடுவரையும் அதுவே அமர்த்தியது. யாரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று மயங்க வேண்டிய தேவையும் எழவில்லை. ஆனால் விளையாட்டு பாசறையை விட்டு இல்லத்துக்குள் புகுந்தபோது நிலைமை மாறியது. இல்லத்தில் இருப்பவன் தன் எதிராளியைத் தானே தேட வேண்டும்.

அவ்வாறு இல்லத்தில் ஆடிய தொடக்ககாலத்தவருள் புகழ்பெற்ற எழுத்தாளர் இருவர் உளர். ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் நுரையீரல் நோய்க்காகச் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் தங்கியிருந்த 1881-ஆம் ஆண்டையொட்டிய குளிர்காலங்களில், மனைவியின் மகனாகிய லாயிட் ஆஸ்போர்ன் என்னும் சிறுவனோடு நூற்றுக்கணக்கான பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு நீண்ட போர்களை நடத்தினார். 1893-இல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கவே, பொம்மைகளின் விலை குறைந்தது. அச்சிப்பாய்களைத் தரையில் பரப்பி ஆடிய எச்.ஜி. வெல்ஸ், 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலில் தம் விதிகளை எழுதி வெளியிட்டார். இவ்விளையாட்டு பன்னிரண்டு வயதுமுதல் நூற்றைம்பது வயதுவரை உள்ளவர்க்கு ஏற்றது என்று நூலின் முகப்பிலேயே வேடிக்கையாக அறிவித்தார். அந்த வேடிக்கைக்குள் ஒரு துணிவு இருந்தது. வளர்ந்த ஆடவர் பொம்மைகளோடு விளையாடுவது நகைப்புக்குரியது என்று கருதிய சமுதாயத்தில், பேரெழுத்தாளர் ஒருவர் தம் பெயரிட்டு வெளிப்படையாக அதை ஒப்புக்கொண்டார்.

எனினும் ஸ்டீவன்சனுக்கு வீட்டிலேயே ஒரு சிறுவன் இருந்தான். வெல்ஸுக்கு விருந்தினராக வரும் நண்பர்கள் இருந்தனர். இவ்விரண்டும் இல்லாதவர் என்ன செய்வார்? சிற்றூரில் வாழும் ஒரு கணக்கர், கூச்சமுள்ள ஒரு மாணவர், தம் அறையில் ஐந்நூறு சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டி அலமாரியில் அடுக்கியிருக்கிறார் என்று கொள்வோம். அவரை இரண்டு அச்சங்கள் தடுக்கின்றன. பிறர் நகைப்பாரோ என்பது ஒன்று. முன்பின் அறியாதவரோடு எப்படிப் பேசுவது என்பது மற்றொன்று. இவற்றோடு, தம்மைப் போன்றவர் வேறெவரும் இல்லை என்னும் மயக்கமும் சேர்ந்துகொள்ளும். கூச்சமுடையோர் ஒவ்வொருவரும் மறைந்து வாழ்வதனால், தாமே தனியர் என்று ஒவ்வொருவரும் நம்பிவிடுகின்றனர்.

இந்தத் தளையை அறுத்தவருள் முன்னிற்பவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜாக் ஸ்கிரபி. பொம்மைச் சிப்பாய்களை வார்த்து விற்றுவந்த அவர், 1956-இல் இவ்விளையாட்டினருக்கென ஒரு கூட்டம் கூட்டினார். வந்தவர் பதினால்வர் மட்டுமே. பிறரானால் அத்தோடு சோர்ந்திருப்பர். அவரோ அடுத்த ஆண்டே 'வார் கேம் டைஜஸ்ட்' என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். 1962 வரை வெளிவந்த அவ்விதழுக்குச் சந்தாதாரர் இருநூற்றுவரும் இல்லை. ஆயினும் அது செய்த தொண்டு பெரிது. ஒருவர் தாம் வகுத்த விதிகளை எழுதுவார். மற்றொருவர் தாம் ஆடிய போரை விவரிப்பார். கடல்கடந்த வாசகர் ஒருவர் மறுப்பு எழுதுவார். நேரில் நாவெழாதவருக்குத் தாளில் சொற்கள் தாமே வந்தன. ஒருவரையொருவர் காணுமுன்பே அவர்கள் நண்பராயினர்.

இங்கிலாந்தில் பொம்மைச் சிப்பாய்களைத் திரட்டுவோர் 1935-இலேயே ஒரு சங்கம் கண்டிருந்தனர். ஆனால் திரட்டுவது வேறு, ஆடுவது வேறு. ஆடுவோரை ஒன்று சேர்த்தவருள் குறிப்பிடத்தக்கவர் டொனால்ட் ஃபெதர்ஸ்டன். இரண்டாம் உலகப்போரில் டாங்கிப் படையில் பணியாற்றிய அவர், பின்பு சவுதாம்ப்டன் நகரில் இயன்முறை மருத்துவராக இருந்தார். பண்டைக்காலப் போர்களை மேசையில் ஆடுவதில் வல்லவரான டோனி பாத் என்பவரும் அந்நகரத்தவரே. இவ்விருவரும் கூடி ஆடத் தொடங்கியதிலிருந்து பல கிளைகள் தழைத்தன. ஃபெதர்ஸ்டன் 1962-இல் வெளியிட்ட 'வார் கேம்ஸ்' என்னும் நூல் பொது நூலகங்கள் வழியாகப் பல இளைஞர்களை அடைந்தது; அதே ஆண்டில் அவர் ஒரு மாத மடலையும் தொடங்கினார். பாத் 1965-இல் பண்டைப்போர் ஆர்வலர்களின் சங்கமொன்றை நிறுவினார். ஒரே ஊரில் இருவர் சந்தித்ததன் பயன் இவ்வளவு விரிந்தது.

அமெரிக்காவில் வேறொரு வழி திறந்தது. வரைபடப் போர் விளையாட்டுகளை அச்சிட்டு விற்ற ஆவலான் ஹில் நிறுவனம், 1964-இல் 'ஜெனரல்' என்னும் இதழைத் தொடங்கியது. எதிராளி தேவை என்று கேட்கும் சிறு விளம்பரங்களுக்கு அதில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. திருமண விளம்பரங்கள் நமக்குப் பழகியவை. எதிரி வேண்டி விளம்பரம் செய்வது புதுமையன்றோ! ஆனால் அந்தச் சிறு வரிகளில் இருந்தது பகையன்று, நட்பின் வேட்கையே. பெயரையும் முகவரியையும் அச்சில் கொடுத்துவிட்டால், முதற்சொல்லை ஏற்கெனவே சொல்லிவிட்டதாக ஆகிறது. பதில் எழுதுபவருக்கும், தாம் வரவேற்கப்படுவோம் என்னும் உறுதி கிடைத்துவிடுகிறது.

விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூராகிய லேக் ஜெனீவாவில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், இத்தகைய கடிதத் தொடர்புகளில் ஊறியவர். 1967-இல் போர் விளையாட்டு நண்பர்களைத் தம் வீட்டிலேயே கூட்டினார். மறு ஆண்டு ஐம்பது டாலர் வாடகைக்கு அவ்வூர்த் தோட்டக்கலை மண்டபத்தை அமர்த்தி மாநாடாகவே நடத்தினார். சுமார் நூறுபேர் வந்தனர். 'ஜென் கான்' என்று பெயர் பெற்ற அம்மாநாட்டின் இரண்டாம் கூட்டத்துக்கு, 1969-இல், மினசோட்டாவிலிருந்து டேவ் ஆர்னெசன் என்னும் இளைஞர் வந்தார். அங்கே இருவரும் அறிமுகமாயினர். 1971-இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரன் என்பவரும் சிற்றுருவப் போருக்கான விதிநூலொன்றை வெளியிட்டனர். ஆர்னெசன் தம் ஊர் நண்பர்களோடு ஆடிய புதுவகைக் கற்பனை ஆட்டமும் அதனோடு கலந்து, 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆக ஆயிரம் படிகள் அச்சேறியது. உலகெங்கும் பரவிய ஒரு கலை, அம்மண்டபத்தில் நிகழ்ந்த அறிமுகத்தால் உருப்பெற்றது என்றால் அது மிகையாகாது.

லண்டனில் 1975-இல் மூன்று நண்பர்கள் தொடங்கிய கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனமும், தொடக்கத்தில் ஒரு சிறு செய்திமடலையே நம்பி வளர்ந்தது. 1978-இல் அது முதற்கடையைத் திறந்தது. 1983-இல் 'வார்ஹாமர்' என்னும் சிற்றுருவப் போர் விளையாட்டை வெளியிட்டது. இத்தகைய கடைகளில் ஆடுவதற்கும் மேசை இடப்பட்டது. சங்கத்துக்குள் புகத் தயங்குபவரும் கடைக்குள் தயங்காமல் புகுவர். வண்ணக்குப்பி ஒன்று வாங்குவதே போதுமான காரணமாகிவிடும். அங்கே சற்று நின்று பிறர் ஆடுவதைப் பார்க்கலாம்; பார்த்தவரை ஒருநாள் ஆட அழைப்பர்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு படிக்கட்டு புலப்படும். முதற்படி கடிதம், அடுத்த படி ஒரு வீட்டில் இருவர் சந்திப்பு, அதற்கடுத்தது சிறு கூட்டம், இறுதியில் மண்டபம். மனமருத்துவ அறிஞர்கள் வேறொரு வழியில் ஆராய்ந்து இதையொத்த படிக்கட்டையே கண்டனர். லண்டனில் ஐசக் மார்க்ஸும் மைக்கேல் கெல்டரும் 1966-இல் சமூக அச்சத்தை மற்ற அச்சங்களிலிருந்து பிரித்துக் காட்டினர். 1980-இல் அமெரிக்க மனமருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல் அதற்குத் தனியிடம் அளித்தது. பிலிப் சிம்பார்டோ 1977-இல் எழுதிய நூலில், தம் ஆய்வில் வினவப்பட்டவருள் நூற்றுக்கு நாற்பதின்மர் அளவினர் தம்மைக் கூச்சமுடையவர் என்றே சொல்லிக்கொண்டனர் என்று குறிப்பிட்டார். அஞ்சும் சூழலை முற்றும் விலக்கிக்கொண்டே போனால் அச்சம் வளரும். சிறிது சிறிதாக அதை அணுகிப் பழகினால் அது தளரும் என்பதே இத்துறை மருத்துவத்தின் அடிப்படை. பொம்மைச் சிப்பாய் ஆர்வலர்கள் மருத்துவ நூல் எதையும் பாராமலே அப்படிகளைக் கட்டிக்கொண்டனர்.

இந்த முயற்சிக்கு விளையாட்டு மேசையே சிறந்த துணையாகிறது. வெற்று அறிமுகத்தில் இருவர் கண்களும் ஒருவரையொருவர் நோக்கியாக வேண்டும். இங்கே இருவர் கண்களும் களத்தை நோக்குகின்றன. எப்போது பேசுவது, எப்போது காத்திருப்பது என்பதை ஆட்டத்தின் முறையே வகுத்துவிடுகிறது. என்ன பேசுவது என்னும் கவலையும் இல்லை; குதிரைப்படைக்கு இந்த நீலம் எங்கே கிடைத்தது என்று கேட்டாலே உரையாடல் மலர்ந்துவிடும். தம் கையால் வண்ணம் தீட்டிய படையோடு வருபவர், வாய் திறவாமலே தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். பகடை தவறி விழும்போது இருவரும் சேர்ந்து நகைப்பர். சேர்ந்து நகைத்தவர் பின்பு அயலாராக இருப்பதில்லை.

ஆயினும் மேசை எல்லாவற்றையும் செய்துவிடாது. வாயிற்படியைத் தாண்டும் அந்த ஓர் அடியைத் தாமே எடுத்து வைக்க வேண்டும். நெஞ்சு படபடத்து அன்றாட வாழ்வே முடங்குமளவு அச்சம் மிக்கவர் மருத்துவரை நாடுவதே முறை. மற்றவரோ படிகளைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். அமைப்பாளருக்கு முன்கூட்டி ஒரு கடிதம் எழுதலாம். முதல்நாள் ஆடாமல் பார்க்க மட்டும் செல்லலாம். மேசை இடவும் நாற்காலி எடுக்கவும் உதவலாம். கையில் ஒரு வேலை இருப்பவருக்குக் கூச்சம் பாதி குறையும்.

உள்ளே இருப்பவருக்கும் கடமை உண்டு. பிளெட்சர் பிராட் என்னும் எழுத்தாளர் நியூயார்க்கில் நடத்திய கடற்போர் விளையாட்டில் பெண்களும் கலந்துகொண்டனர்; அதன் விதிகள் 1940-இல் நூலாயின. ஆயினும் பின்பு நெடுங்காலம் இம்மண்டபங்களில் ஆடவர் கூட்டமே நிறைந்திருந்தது. அங்கே தனியே நுழையும் ஒரு பெண்ணுக்குக் கூச்சம் இருமடங்காவது இயல்பே. புதியவர் வாயிலில் நிற்கும்போது, ஆடிக்கொண்டிருப்பவர் ஒரு கணம் தலைநிமிர்ந்து, வாருங்கள் என்று சொன்னால் அவருடைய துணிவு வீண்போகாது. ஒருவரும் நிமிராவிட்டால் அவர் மறுமுறை வரமாட்டார். ஒரு சங்கத்தின் வளர்ச்சியும் தேய்வும் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லைப் பொறுத்தே அமைகின்றன.

2023-ஆம் ஆண்டில் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த ஜென் கான் மாநாட்டுக்கு எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். 1956-இல் ஸ்கிரபியின் அழைப்பை ஏற்று வந்தவரோ பதினால்வர். பெருங்கூட்டத்துள் ஒருவராகப் புகுவதைவிட, கூட்டமே இல்லாத இடத்தில் முதல்வராகப் போய் நிற்பது அரிது. அப்பதினால்வர் புறப்படும்போது, அங்கே எவரேனும் இருப்பரோ என்பதற்கே உறுதி இருந்திராது. ஆயினும் அவர்கள் புறப்பட்டனர். பின்வந்தோர்க்கு அது வழியாயிற்று. நம்மிடையே இசையிலோ ஓவியத்திலோ வேறெக்கலையிலோ ஈடுபட்டுத் தனியறையில் இருந்துவிடும் கூச்சமுடையார் பலர் உளர். அவர்கள் இன்று ஓர் அஞ்சலட்டை எழுதினாலே போதும், முதற்படி ஏறியவராவர்.