டிங்கன்: கடவுளாக்கப்பட்ட எலியும் வாசிக்கப்படாத படக்கதையும்

ஒரு படைப்பு மறக்கப்படுவதற்குப் பல வழிகள் உண்டு. அளவுக்கு மீறிப் புகழ்பெறுவதும் அவற்றுள் ஒன்று. மலையாளப் படக்கதை நாயகன் டிங்கனுக்கு நேர்ந்தது அதுவே. டிங்கன் கதைகளை வெளியிட்டுவந்த ‘பாலமங்களம்’ இதழ் 2012இல் நின்றுபோயிற்று. அதன்பின் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்ற தலைமுறைக்கு டிங்கன் இணையத்தில் உலவும் கேலிச் சமயமொன்றின் கடவுளாகவே அறிமுகமாகிறான். அக்கடவுளின் பெயர் அறியாதவர் கேரளத்தில் அரிது. அவன் தோன்றிய பக்கங்களைப் புரட்டியவரோ நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர்.

டிங்கன் 1983இல் பிறந்தான். கதை என். சோமசேகரன், ஓவியம் பேபி. கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மங்களம் நிறுவனத்தின் சிறுவர் இதழே பாலமங்களம். பங்கிலக் காட்டில் வாழும் ஓர் எலியை வேற்றுக் கோளினர் பிடித்துச் சென்று சோதனைகளுக்கு உட்படுத்துகின்றனர். அச்சோதனைகளால் அது பேராற்றல் பெறுகிறது. பின்னர் தன் காட்டுக்கே திரும்பி எளிய உயிர்களைக் காக்கிறது. தொடரின் தோற்றக்கதை இவ்வளவுதான். சூப்பர்மேனின் சாயல் வெளிப்படை. ஆய்வாளர் பலர் இத்தொடரைப் பொருட்படுத்தாமைக்கு இச்சாயலே காரணமாக இருந்திருக்கலாம். ‘அமெரிக்க நாயகனின் மலிவான நகல்’ என்று ஒரே சொற்றொடரில் ஒதுக்கிவிடுவது எளிது.

அத்தீர்ப்பு வரலாற்றுடன் பொருந்துவதில்லை. ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் படைத்த சூப்பர்மேன் 1938இல் அச்சேறினான். நான்கே ஆண்டுகளில், 1942இல், டெர்ரிடூன்ஸ் நிறுவனம் அவனைப் பகடி செய்து எலி நாயகன் ஒருவனைத் திரைக்குக் கொண்டுவந்தது. முதலில் சூப்பர் மவுஸ் என்றும் பின்னர் மைட்டி மவுஸ் என்றும் அவன் அழைக்கப்பட்டான். அந்நிறுவனத்தின் ஐசடோர் கிளைன் முதலில் முன்மொழிந்தது ஓர் ஈயை. பால் டெர்ரி அதனை எலியாக்கினார். ஆக, பறக்கும் எலி என்னும் கருவே பகடியின் குழந்தை. பார்வையாளர் அவனை விரும்பத் தொடங்கியபின் பகடி மெல்ல உதிர்ந்தது, நாயகன் எஞ்சினான். டிங்கனிடம் இதன் மறுதலையைக் காண்கிறோம்: அவன் குழந்தைகளின் மெய்யான நாயகனாகத் தொடங்கிப் பெரியவர்களின் பகடியாக முடிந்தான்.

பகடியிலும் இருவகை உண்டு. ‘மேட்’ இதழில் 1953இல் ஹார்வி கர்ட்ஸ்மனும் வாலி வுட்டும் வெளியிட்ட ‘சூப்பர்டூப்பர்மேன்’, 1980களில் பென் எட்லண்ட் உருவாக்கிய ‘தி டிக்’ ஆகியவை நாயக மரபை நன்கறிந்த வாசகருக்காக எழுதப்பட்டவை. மூலத்தை அறியாதவருக்கு அவற்றின் நகைச்சுவையில் பாதி விளங்காது. மற்றொரு வகை, மூலத்தின் இருக்கையில் அதற்குச் சற்றும் பொருந்தாத ஒருவரை அமர்த்திவிட்டுக் கதையை முழு நம்பிக்கையுடன் சொல்லிச் செல்வது. டிங்கன் இவ்வகை. சிரிப்பூட்டும் நோக்கம் கதைக்கு இல்லாதபோதும், வலிமையின் இடத்தில் எலியை நிறுத்தியதனால் வலிமை என்னும் கருத்தே கேள்விக்கு உள்ளாகிறது.

இங்கே தோற்றக்கதையை மீண்டும் நோக்க வேண்டும். சூப்பர்மேனின் ஆற்றல் பிறப்பால் வந்தது. பேட்மேனுடையது செல்வத்தால் வாய்த்தது. டிங்கனுடையதோ பிறர் தன் உடல்மீது நிகழ்த்திய சோதனையால் வந்தது. அவன் ஆய்வுக்கூட எலி. உலகெங்கும் மருந்துக்கும் நஞ்சுக்கும் உடலைக் கொடுத்து, பெயரின்றி மடிவது ஆய்வுக்கூட எலியின் விதி. அவ்விதியிலிருந்து ஓர் எலி தப்பியது மட்டுமன்றி, தன்னைச் சோதித்தவர்களின் அறிவையே ஆற்றலாக்கிக்கொண்டு வீடு திரும்பியது என்பதே இத்தொடரின் அடிக்கரு. படைத்தவர்கள் இதனை எண்ணித்தான் எழுதினர் என வாதிட வேண்டியதில்லை. மறுவாசிப்பு படைப்பாளியின் எண்ணத்தோடு நின்றுவிடும் செயலன்று. கதையின் கட்டமைப்பில் இப்பொருள் இருக்கிறது என்பதே போதும்.

இத்தொடரை வாசிக்கப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்கள் தனித்துவமான இடத்தைத் தருகின்றன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழும் அளவுக்கு அப்போராட்டம் கடுமையாயிற்று. 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அவ்வாறு பாறசாலை கேரளத்தின் தென்கோடி ஊர்களுள் ஒன்றாகவும், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள களியக்காவிளை தமிழகத்தின் வாயிலாகவும் ஆயின. எல்லைக்கோடு வட்டங்களைப் பிரித்தது. வீட்டுமொழியையும் சந்தைமொழியையும் பள்ளிமொழியையும் அவ்வளவு நேர்த்தியாகப் பிரிக்க அதனால் இயலவில்லை.

இவ்வெல்லையின் இருபுறமும் ‘மாயாவி’ என்னும் ஒரே சொல் இருவேறு நாயகர்களைக் குறித்தது. தமிழில் அது 1972இல் முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி. பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழிலிருந்து சிவகாசிக்கு வந்தவன். மலையாளத்தில் அது 1984 முதல் ‘பாலரம’ இதழில் வந்த குட்டி மாயாவி. ராஜு, ராதா என்னும் சிறுவர்களுக்கு உதவும் நல்ல பூதம். ஒருவன் மின்சாரத்தால் மறைபவன். மற்றவன் மந்திரக்கோலால் மாயம் புரிபவன். எண்பதுகளின் எல்லையோரக் குழந்தைக்கு இவ்விரு மொழி இதழ்களும் எட்டும் தொலைவிலேயே இருந்தன. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றியதையும் சேர்த்துப் பார்த்தால், டிங்கன் பிறந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் இருமொழிகளிலும் நாயகர் கூட்டம் எவ்வாறு பெருகிற்று என்பது புலப்படும்.

ஒப்பிடும்போது டிங்கன் மலையாள மாயாவியைவிட இரும்புக்கை மாயாவிக்கே நெருக்கமானவன். இரும்புக்கை மாயாவியும் ஆய்வுக்கூடத்தில் உருவானவனே: உதவியாளனாகப் பணிபுரிந்த லூயி கிராண்டெல், மின்விபத்தொன்றின்பின் இரும்புக்கை மட்டும் புலப்பட உடல் மறையும் ஆற்றல் பெறுகிறான். ஆயின் கிராண்டெல் முதலில் அவ்வாற்றலைக் குற்றத்துக்கே பயன்படுத்தினான். லயன் காமிக்ஸ் வழியே தமிழர் அறிந்த ஸ்பைடரும் குற்றவுலகின் அரசனாக விழைந்தவன்தான். அவன் கதைகளுள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல் என்பது வரலாற்றின் சுவையான முரண். பேராற்றல் மனிதனைக் கெடுக்கும் என்னும் ஐயம் இவ்விருவர் கதைகளிலும் உண்டு. டிங்கனின் தோற்றக்கதையில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. அடியிலிருந்து உயர்ந்தவன் அடியிலுள்ளோரை மறவான் என்னும் நம்பிக்கையே அங்கு ஆட்சி செய்கிறது. அந்நம்பிக்கை பேதைமையா அறமா என்பது விவாதத்துக்குரியது; ஆனால் விவாதிக்கத் தக்கது.

2008ஐ ஒட்டி இணையத்தில் டிங்கமதம் உருவாயிற்று. 2005இல் பாபி ஹெண்டர்சன் அமெரிக்காவில் தொடங்கிய பறக்கும் நூடுல்ஸ் கடவுளின் பகடிச் சமயம் போன்றே, இதுவும் மத நம்பிக்கைகளின் தருக்கத்தைத் திருப்பிக் காட்டும் கண்ணாடி. ‘புரொபசர் டிங்கன்’ என்னும் திரைப்படம் அறிவிக்கப்பட்டபோது, தங்கள் மத உணர்வு புண்பட்டதாகக் கூறி 2016 ஜனவரியில் கொச்சியில் டிங்கமதத்தினர் போராட்டம் நடத்தினர். புண்படுதல் என்னும் அரசியல் மொழியை அதன் சொற்களாலேயே நகையாடிய அந்நிகழ்வு, பண்பாட்டு ஆய்வுகளில் இடம்பெறத் தக்கதே.

எனினும் அந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. பகடிச் சமயத்துக்குத் தேவைப்பட்டவை ஒரு பெயர், ஓர் உருவம், ஒரு தோற்றக்கதை, அவ்வளவே. ஆண்டுக்கணக்கில் வந்த கதைகளின் சொல்முறை, கட்டங்களின் அமைப்பு, காட்டு விலங்குகளின் சமூகம், பேபியின் கோடு ஆகியவை அதற்குத் தேவைப்படவில்லை. டிங்கன் நகைப்புக்குரியவன் என்னும் முன்முடிவே டிங்கமதத்தின் நகைச்சுவைக்கு அடித்தளம். அம்முன்முடிவு ஆய்வையும் முந்திக்கொண்டது. டிங்கமதம் குறித்து எழுதுவோர் டிங்கனை வாசிக்காமலே எழுத முடிகிறது என்பதே இத்துறையின் இன்றைய குறை. புனித நூலை வாசிக்காமல் சமயத்தை ஆராய்வதை வேறெங்கும் நாம் ஏற்கமாட்டோம்.

இக்குறை விரைவில் திருத்த இயலாததாகவும் ஆகலாம். சிறுவர் இதழ் கைமாறி, கிழிந்து, பழைய தாள்களோடு எடைக்குப் போவது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் 1956இல் திருத்தப்பட்டு இதழ்களையும் உள்ளடக்கியது. அச்சட்டத்தின்கீழ் நூல்களையும் இதழ்களையும் பெறும் நூலகங்களுள் சென்னைக் கன்னிமாரா நூலகமும் ஒன்று. கோட்டயத்தில் அச்சான மலையாளப் படக்கதையைத் தேடுபவர் தமிழகத்தின் தலைநகரிலும் தேட வேண்டும் என்பது இதன் பொருள். இரு மொழியும் அறிந்த எல்லைக் கிராம மாணவரைவிட இப்பணிக்குத் தகுதியானவர் யார்?

முதற்பணி கோட்பாடன்று; பட்டியல். எந்த இதழில் எந்தக் கதை வந்தது, கதைக்குக் கீழே யார் பெயர் அச்சிடப்பட்டது, எந்த ஆண்டில் ஓவியநடை மாறியது என்பவை முதலில் பதிவாக வேண்டும். எல்லையோர வீடுகளில் எஞ்சியுள்ள பிரதிகளும், வாசித்தவர்களின் வாய்மொழி நினைவுகளும் அவற்றோடு சேர வேண்டும். அதன்பின்னரே டிங்கன் நகலா, பகடியா, கீழிருந்து எழுந்த நாயகக் கனவா என்னும் கேள்விக்குச் சான்றுடன் விடை கூற இயலும். அதுவரை அந்த எலியைக் கடவுள் என்று சிரிப்பதும் நகல் என்று ஒதுக்குவதும் வாசிக்காமல் வழங்கிய தீர்ப்புகளாகவே இருக்கும்.