பொறியும் புழையும்: சங்கப் பாடல்களில் காட்டுப்பன்றி வேட்டையும் விலங்கறிவும்

முன்னுரை

சங்கப் பாடல்களில் காட்டுப்பன்றி இடம்பெறும் பகுதிகளை ஆய்வாளர் பெரும்பாலும் உள்ளுறை நோக்கிலேயே விளக்கி வந்துள்ளனர். தலைவன் வரும் இரவு வழியின் ஏதத்தையும், தினைப்புனக் காவலின் கடுமையையும் குறிப்பால் உணர்த்தும் கருப்பொருளாக அவ்விலங்கு கொள்ளப்படுகின்றது. அவ்விளக்கம் பொருத்தமானதே. எனினும், உள்ளுறைக்கு அடிப்படையாக நிற்கும் காட்சி மெய்யான பட்டறிவிலிருந்து பிறந்ததாகும். பன்றி எதனை உண்ணும், எவ்வழியே வரும், எங்கே தயங்கும், எப்பொழுது எதிர்த்து நிற்கும் என்பவற்றை அறிந்த வேட்டுவரின் அறிவு அக்காட்சிகளில் பதிந்துள்ளது. அவ்வறிவின் இயல்பையும், பன்றியை வெல்லக் கையாளப்பட்ட முறைகளுக்கிடையே பாடல்கள் காட்டும் வேறுபாட்டையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் மரபு

தொல்காப்பிய மரபியல், பன்றியின் குட்டியைக் குருளை என்றும், பெண்ணைப் பிணவு என்றும், ஆணை ஒருத்தல் என்றும் வழங்கும் மரபைக் குறிக்கின்றது. யானைக்குச் சிறப்பாக உரிய களிறு என்னும் பெயரைக் கேழலுக்கும் வழங்கலாம் என்று அது இசைவு தருவது கருதத்தக்கது. வலிமையில் ஆண்பன்றியை யானைக்கு அடுத்து வைத்து எண்ணிய மக்களின் மதிப்பீடு இதில் வெளிப்படுகின்றது. பன்றி, கேழல், ஏனம் எனப் பொதுப்பெயர்கள் பல வழங்கியதும் அவ்விலங்கோடு இருந்த நெருங்கிய பழக்கத்தைக் காட்டும்.

உணவும் நிலமும்

காட்டுப்பன்றி தன் மூக்கால் மண்ணைக் கிளறிக் கிழங்கும் வேரும் புழுவும் தேடி உண்பது. புறநானூற்றின் 168ஆம் பாடலில் கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் இவ்வழக்கத்தை ஒரு வேளாண் முறையோடு இணைத்துக் காட்டுகின்றார். மிளகு வளரும் மலைச்சாரலில் காந்தட் கிழங்கைத் தேடிப் பன்றிகள் கூட்டமாகக் கிண்டிய புழுதியில், குறவர் தாம் உழாமலே நன்னாள் பார்த்துத் தினை விதைக்கின்றனர். விளைந்த தினையை அழிக்கும் அதே விலங்கு, விதைப்பதற்கு முன் நிலத்தைப் புரட்டித் தருகின்றது. பன்றியைப் பகையாக மட்டும் கருதாமல், அதன் செயலால் விளையும் பயனையும் கணக்கிட்ட குடிகளை இப்பாடல் நமக்கு அறிமுகப்படுத்துகின்றது.

புனத்தின் எல்லையில் தயக்கம்

காட்டுப்பன்றிக்குக் கண்ணொளி குறைவு. மோப்பமும் செவியும் கூர்மையானவை. திறந்த வெளியை அடையுமுன் நின்று, காற்றை முகர்ந்து, ஒலியைக் கேட்ட பின்னரே அது முன்னேறும். இத்தயக்கத்தைப் பாடல்கள் இரண்டு பதிவு செய்துள்ளன. நற்றிணை 98இல், பொறி வைக்கப்பட்ட நுழைவழியில் புகவிருந்த பன்றி, பல்லியின் ஒலி கேட்டு மெல்லப் பின்வாங்கித் தன் குகைக்குத் திரும்புகின்றது. அகநானூறு 88இல், பல்லியின் ஒலியை ஓர்ந்து பன்றி தினைப்புனத்தை அணுகுகின்றது. கானவன் பரண்மீது விளக்கேற்றி அதன் வரவை நோக்கியிருக்கின்றான். ஒன்றில் மீள்கின்றது, மற்றொன்றில் நெருங்குகின்றது. பல்லி நிமித்தம் மக்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கையை ஏற்றிச் சொல்வதற்கு இடமளித்தது, எல்லையில் நின்று செவிகொடுக்கும் விலங்கின் உண்மையான பழக்கமே எனலாம். அகநானூற்று 88ஆம் பாடலை இயற்றியவர் ஈழத்துப் பூதன்தேவனார் என்பது ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றை ஆராய்வோருக்குச் சிறப்பாக நினைவிற்கொள்ளத் தக்கது.

காத்திருந்து வேட்டம்

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினரின் நள்ளிரவு வேட்டத்தை விவரிக்கின்றார். மழை பொய்த்த காலத்தில், மான்களின் அடிச்சுவடு பதிந்த வழியருகே, நீர் வேண்டித் தோண்டிய குழியைச் சூழ்ந்த மறைவிடங்களுள் வேட்டுவர் ஒடுங்கியிருந்து, நீருண்ண வரும் பன்றியை எதிர்நோக்குகின்றனர். பன்றியின் வளைந்த கோட்டுக்கு அகத்திப்பூவை ஒப்பிடுவது, அதனை அருகிருந்து கண்டவர் கூறும் உவமை. அவ்வேட்டம் வாய்க்காவிடின் மறுநாட் பகலில் நாயோடு சென்று, வலைகட்டி முயலைப் பிடிப்பர். பருவம், நீர்நிலை, விலங்கின் நடமாட்டம் ஆகிய மூன்றும் அறிந்தவர்க்கே இம்முறை கைகூடும். வேட்டுவன் தன் கண்ணாற் கண்ட விலங்கையே எய்வான் என்பது இம்முறையின் சிறப்பியல்பு.

காணும் வேட்டுவன் எய்யாது விடவும் கூடும். கபிலரின் அகநானூறு 248ஆம் பாடலில், நாய்களை எறிந்து, பிணவும் பறழும் தப்பிச் செல்லுமாறு குறுகிய வழியை மறித்து நிற்கின்றது ஓர் ஆண்பன்றி. அம்பு தொடுத்து நெருங்கிய கானவன், படை உடைந்து ஓடும்போது தனித்து நின்று வழியை மறிக்கும் தன் தலைவனை அதிற் கண்டு, எய்யாமல் திரும்புகின்றான். ஆண்பன்றி பெரும்பாலும் தனித்துத் திரிவது. இணைசேரும் பருவத்திலேயே கூட்டத்தோடு சேர்வது. ஆதலின் இக்காட்சியில் விலங்கறிவோடு வீரம் பற்றிய இலட்சியமும் கலந்துள்ளது எனக் கொள்வது பொருந்தும்.

அடார்

மற்றொரு முறை, புனத்தின் புழைதோறும் கல்லாலான அடாரை அமைப்பதாகும். பெரிய கல்லைச் சிறு பொறி தாங்கி நிற்கும். விலங்கு பொறியைத் தீண்டியதும் கல் விழுந்து கொல்லும். பன்றி பழகிய வழியிலேயே மீண்டும் வரும் என்னும் அறிவே இதற்கும் அடிப்படை. ஆயினும், கல்லுக்குக் கண்ணில்லை. நற்றிணை 119இல் தினையுண்ணும் பன்றிக்கென வைத்த அடாரில் வலிய புலி அகப்படுகின்றது. மலைபடுகடாமில் பெருங்கௌசிகனார், நன்னனை நாடிச் செல்லும் கூத்தரிடம், பன்றிக்கு அஞ்சிப் புழைகளில் பெருங்கற் பொறிகள் மாட்டப்பட்டிருத்தலைக் கூறி, இருளில் நடவாது விடிந்த பின் செல்லுமாறு அறிவுறுத்துகின்றார். இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். வைத்தவன் அகன்ற பின்னும் பொறி கொல்லும் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். ஆதலின் பொறி உள்ள வழியை அயலார்க்கு அறிவித்தலும் வழி கூறுவோரின் கடமையாயிற்று.

நாயும் கல்லெழுத்தும்

நாயைக் கொண்டு பன்றியை எதிர்கொள்ளும் முறைக்குப் பிற்காலக் கல்வெட்டுச் சான்று தமிழகத்தின் அண்டை நிலத்தில் கிடைக்கின்றது. இன்றைய கருநாடக மாநிலம் மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த ஆதக்கூரில் கிடைத்த, கி.பி. 949-50ஐச் சார்ந்த கன்னடக் கல்வெட்டு, கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் பெற்ற காளி என்னும் நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்த செய்தியைத் தெரிவிக்கின்றது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியும் அதே கல்லிலேயே இடம்பெற்றுள்ளது. வேட்டை நாய்க்கு நடுகல் மதிப்பு அளிக்கப்பட்டதற்கு இது சிறந்த சான்று.

இக்காலப் பொருத்தம்

அடாரின் இடத்தை இன்று வெடிபொருள் பற்றியுள்ளது. இலங்கையில் ‘ஹக்கப் பட்டாசு’ என்றும், தமிழகத்தில் ‘அவுட்டுக்காய்’ என்றும் வழங்கும் வெடிகள், பன்றியைக் கொல்லும் பொருட்டு உணவினுள் மறைத்து வைக்கப்படுகின்றன. அவற்றைக் கடித்து வாய் சிதைந்த யானைகள் உண்ண இயலாது பல நாள் துன்புற்று மடிகின்றன. 2020 மே மாதத்தில் கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்ட கருவுற்ற யானையின் இறப்பும் இத்தகைய வெடியால் நேர்ந்ததே. உழவர்க்குப் பன்றியால் நேரும் இழப்பு மெய்யானது. ஓர் இரவில் ஒரு பருவத்தின் உழைப்பு அழியலாம். ஆயினும், அன்று பன்றிக்கு வைத்த பொறியிற் புலி வீழ்ந்தது போலவே, இன்று பன்றிக்கு வைத்த வெடியில் யானை வீழ்கின்றது. மேலும், மறைத்து வைத்த வெடியின் இடத்தை வழிப்போக்கர்க்கு எவரும் அறிவிப்பதில்லை.

முடிவுரை

சங்கப் பாடல்கள் பன்றியின் உணவு, வழி, தயக்கம், எதிர்ப்பு ஆகியவற்றை நுணுகிக் கண்டவர்களின் அறிவைப் பாதுகாத்துள்ளன. கண்டு எய்யும் வேட்டத்தில் வேட்டுவனுக்குத் தெரிவும் விடுதலும் இருந்தன. காணாது கொல்லும் பொறியில் அவை இல்லை. அக்குறையைப் புலவர்கள் மறைக்கவில்லை. பயிர்க்காவல் பற்றி இந்தியாவிலும் இலங்கையிலும் நிகழும் ஆய்வுகளில் இப்பாடல்கள் வாழ்வியற் சான்றுகளாகச் சேர்த்தெண்ணப்பட வேண்டும். தோட்டப் பயிர்களைப் பன்றியிடமிருந்து காத்த அயலகத் தமிழரின் வாய்மொழி அறிவும், அறிந்தோர் மறையுமுன் திரட்டப்பட்டு, இவற்றோடு ஒப்பிடப்பட வேண்டும்.