கோட்டை வாசலிற் கண்டவை



சரித்திரம் படிப்பதற்குக் கடல் கடந்து செல்லவேண்டுமென்று எண்ணுவோர் நம்மிற் பலர். அயர்லாந்து தேசத்துக்குப் போகும் இளைஞர்கள் கூட்டமாக பஸ்ஸிலேறி, டப்ளின் நகரையும் ட்றிம் என்னும் பழம்பதியையும் சுற்றிப் பார்ப்பார்கள். ட்றிம்மிலே பழைய கற்கோட்டை ஒன்று உண்டு. வெல்லிங்டன் பிரபுவின் நினைவாக 1817இல் எழுப்பப்பட்ட உயர்ந்த தூணும் உண்டு. அப்பிரபு 1769இல் அயர்லாந்திற் பிறந்தவர். ட்றிம்மின் பிரதிநிதியாக அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் அமர்ந்தவர். 1815இல் வோட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். மிஷன் பாடசாலை நூலகத்தில் அவர் சரித்திரத்தை ஆவலோடு படித்தவன் நான். அவர் தங்கிய வீடென்று காட்டப்படும் கட்டடமொன்று திருக்கோணமலையிலே, நம் சல்லிக் கிராமத்திலிருந்து சில மைல் தூரத்தில் இருப்பதைப் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே அறிந்தேன். வெட்கந்தான்!

ஆகவே சென்ற விடுமுறையில் இளைஞர் இருபது பேரும் பெரியவர் ஒருவருமாக, மாரியம்மனை வணங்கி, காலை பஸ்ஸிற் புறப்பட்டோம்.

பிரட்றிக் கோட்டை என்ற பெயர் 1803இல் ஆங்கிலேயர் இட்டது. கோட்டையை முதலிற் கட்டியவர் போர்த்துக்கீசர். 1624ஆம் ஆண்டளவில், கொன்ஸ்தந்தீனு தெ சா என்னும் அவர்களது தளபதி கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினான். பின்னர் ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் என்று கைமாறியது. 1782இல் மட்டும் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும், சில மாதங்களுக்குள் பிரான்சியரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். துறைமுகத்தின் அழகு அதற்கு வினையாயிற்று.

உள்ளே மான்கள் மேய்கின்றன. வெல்லிங்டன் வீட்டின் முன் நின்றபோது, ஒரு தம்பி தான் கேள்விப்பட்ட கதையைச் சொன்னான். பிரபு இங்கே நோயுற்றுக் கிடந்தாராம். அதனால் ஏறவேண்டிய கப்பலைத் தவறவிட்டாராம். அக்கப்பல் கடலில் மூழ்கியதாம். திருக்கோணமலைக் காய்ச்சல் இல்லையேல் வோட்டர்லூ வெற்றியும் இல்லையாம்! கேட்க இனிமையான கதை. ஆனால் நடந்தது வேறு. ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரோடு அவர் 1800ஆம் ஆண்டின் இறுதியில், இங்கு திரண்ட படைக்குத் தலைவராக வந்தார். 1801 பெப்ரவரியில் நலமாகவே பம்பாய்க்குக் கப்பலேறினார். தலைமை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டதும், காய்ச்சல் கண்டதும், ‘சுசானா’ என்ற கப்பலில் ஏறமுடியாமற் போனதும் பம்பாயில் நிகழ்ந்தவை. கப்பல் செங்கடலில் மூழ்கியது மட்டும் மெய்.

சுவாமிமலை உச்சியில் இன்னுமொரு கதை காத்திருந்தது. 1687ஆம் ஆண்டு ஒல்லாந்த எழுத்துப் பொறித்த தூணொன்று அங்கே நிற்கின்றது. காதலன் கைவிட்டதால் பிரான்சீனா என்னும் நங்கை அங்கிருந்து கடலிற் பாய்ந்தாள் என்பார்கள். அவளோ, மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றிப் பெருநூல் செய்வித்த வான் றீட் என்பவரின் வளர்ப்பு மகள். ஒல்லாந்து திரும்பி மணஞ்செய்து வாழ்ந்தவள். பாய்ந்தவள் பின்னர் மணமுடித்தல் ஆகுமோ? அந்தத் தூண் மாத்திரம் கதையன்று. அது நமது பழைய கோயிலின் தூண்.

பிறருடைய கட்டுக்கதைகளை இவ்வாறு உரித்துக்காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். கோட்டை வாசலுக்குத் திரும்பியதும் சிரிப்பு நின்றது. நிலைக்கல்லிலே இரட்டைக் கயலும், குளக்கோட்டன் திருப்பணியையும் பறங்கியர் அழிவையும் முன்னுரைக்கும் தமிழெழுத்துக்களும் உள. அவை குளக்கோட்டன் காலத்தன என்றே நாம் சொல்லிவந்திருக்கிறோம். எழுத்தின் அமைதி மிகப் பிற்காலத்தது என்பது கல்வெட்டறிஞர் கருத்து. அதையும் சொன்னேன்.

பெரியவர் முகம் கறுத்தது. “அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் சொன்னது பொய்யோ தம்பி?”

“கோயில் இருந்ததும் இடித்ததும் பொய்யில்லை ஐயா. போர்த்துக்கீசரே எழுதி வைத்திருக்கினம். 1950இல் கிணறு வெட்டேக்க சோமாஸ்கந்தரும் மற்ற விக்கிரகங்களும் மண்ணுக்குள்ளயிருந்து வந்தவை. 1956இல் கடலுக்கடியில கோயிற் கற்களைச் சுழியோடிகள் கண்டவை. இவ்வளவு சாட்சி இருக்க, எழுத்தின்ர வயசை நாங்கள் ஏன் கூட்டிச் சொல்லவேணும்? வெல்லிங்டன் கதையில ஊரை மாத்தினவையைப் பார்த்துச் சிரிச்ச நாங்கள், இதில காலத்தை மாத்தினால் மற்றவை சிரிக்கமாட்டினமோ?”

அவர் மறுமொழி சொல்லவில்லை. 1963இல் புதிய ஆலயத்துக் கும்பாபிஷேகத்துக்குத் தகப்பனாரின் தோளிலிருந்து வந்தவர் அவர். நான் நூலிற் படித்ததை அவர் கண்ணாற் கண்டவர். இவ்வளவு துடுக்காகப் பேசியிருக்க வேண்டாமோ என்று எனக்கே தோன்றியது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெரியவர் மட்டும் நிலைக்கல்லின் அருகே நின்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தின்மேலும் விரல் வைத்துக் கூட்டி வாசித்தார். பாதியிற் கல் உடைந்திருந்தது. “இங்கால என்ன இருந்திருக்கும்?” என்று என்னைக் கேட்டார்.