ஒட்டாமையின் விலை: தோசைக்கல் முதல் டெஃப்லான் தவா வரை

தோசை வார்ப்போர் எவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. முதல் தோசை பெரும்பாலும் கல்லோடு ஒட்டிப் பிய்ந்து போகும். இரண்டாவது தோசையோ விளிம்பு தானே எழும்பி வந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையே மாறியது மாவு அன்று, கல்லின் மேற்பரப்பு. அந்த மாற்றத்தைக் கையால் உண்டாக்கத் தமிழ் அடுக்களை தலைமுறை தலைமுறையாகக் கற்றுவைத்த அறிவு ஒருபுறம் இருக்கிறது. அதையே தொழிற்சாலையில் நிலையாகப் பூசித் தந்த இருபதாம் நூற்றாண்டு வேதியியல் மறுபுறம் இருக்கிறது. எந்தத் தவாவை வாங்குவது என்று இன்று கடையில் எழும் எளிய கேள்விக்குப் பின்னால், ஒட்டாமைக்காக உழைத்தவர் யார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்ற நீண்ட வரலாறு நிற்கிறது.

1. கணவாயின் இரும்பு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தென்மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கொல்லங்கோடு. 1956-இல் கேரளம் உருவாகும்வரை இது சென்னை ஆட்சிக்குட்பட்ட மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் இவ்வூரின் பெயரைக் கொல்லர்களோடு இணைத்துச் சொல்லும் மரபு உண்டு. 1800-இல் இவ்வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், கோயம்புத்தூரிலிருந்து பருத்தி வரவழைத்து நெசவு செய்த தமிழ்க் கைக்கோளரை இங்கே கண்டார். அதே பயணத்தில் மலபாரில் இரும்பு உருக்கும் உலைகளையும் அவர் விவரித்துள்ளார்.

பாலக்காட்டுக் கணவாய்க்கும் இரும்புக்குமான உறவு இன்னும் பழையது. மேற்குக் கடற்கரையின் முசிறியையும் உள்நாட்டுக் கரூரையும் இணைத்த பெருவழி இக்கணவாயினூடே சென்றது. அவ்வழியில், நொய்யல் கரையில் அமைந்த கொடுமணலின் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் எஃகு செய்ததற்கான தடயங்களும் கிடைத்தன. இன்று இக்கணவாயின் கிழக்கு வாயிலான கோயம்புத்தூர் வார்ப்பாலைகளுக்குப் பெயர்பெற்ற நகரம். கணவாய் நாட்டு அடுக்களையில் இரும்புக் கல்லும் சீனச்சட்டியும் நெடுங்காலம் நிலைத்ததில் வியப்பில்லை.

2. கை செய்த பூச்சு

சூடான வெற்று இரும்பின்மேல் மாவை ஊற்றினால், மாவிலுள்ள புரதமும் மாச்சத்தும் உலோகத்தின் நுண்பள்ளங்களில் புகுந்து இறுகிப் பற்றிக்கொள்ளும். இதைத் தவிர்க்க மாவுக்கும் உலோகத்துக்கும் இடையே ஏதேனும் ஒன்று வேண்டும். அந்த இடைப்பொருளுக்குக் கணவாய் நாட்டு அடுக்களைகள் மூன்று விடைகளைக் கண்டன.

முதலாவது துணி. எலப்புள்ளிக்கு அருகிலுள்ள ராமசேரியில், காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியதாகச் சொல்லப்படும் முதலியார் குடும்பங்கள் இன்றும் மண்பானையின் மேல் நூல்வலை கட்டிய வளையத்தை வைத்து, அதன்மேல் துணி விரித்து, அதில் மாவை ஊற்றி இட்லி அவிக்கின்றன. இரண்டாவது வாழையிலை. அடையையும் மீனையும் இலையில் பொதிந்து சுடும்போது, தீயையும் கல்லையும் நேரே தொடுவது இலைதான்.

மூன்றாவது விடையே மிக நுட்பமானது. அதற்குக் கல்லைப் பழக்குதல் என்று பெயர். புதிய தோசைக்கல்லை அரிசி கழுவிய நீரிலோ கஞ்சியிலோ சில நாள் ஊறவைத்துத் தேய்ப்பார்கள். பிறகு நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயத்தை அதில் வதக்கி எடுப்பார்கள். இவ்வாறு பலமுறை செய்யும்போது நிகழ்வது வெறும் எண்ணெய்ப்பிசுக்கு ஏறுவதன்று. மெல்லிய எண்ணெய் காற்றுபடச் சூடேறுகையில், அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, இரும்பைப் பற்றிய கெட்டியான கரும்படலமாக இறுகிவிடுகின்றன. வேதியியல் இதைப் பலபடியாக்கம் என்கிறது. டெஃப்லானும் ஒரு பலபடியே. ஆகவே பழகிய கல்லின் கருமையும் ஒருவகை ஒட்டாப் பூச்சுதான்; அதை வீடே செய்துகொண்டது.

அந்தப் பூச்சைக் காக்கும் விதிகளும் உடன் வளர்ந்தன. தோசைக் கல்லில் சப்பாத்தி சுடலாகாது; எண்ணெயற்ற கடுஞ்சூடு படலத்தை எரித்துவிடும். புளி சேர்ந்தது எதையும் அதில் சமைக்கலாகாது. புளிப்பு படலத்தை அரிக்கும். ஒவ்வொரு தோசைக்கும் முன் எண்ணெயில் தோய்த்த அரை வெங்காயத்தாலோ கத்தரிக்காய்க் காம்பாலோ கல்லைத் தேய்க்க வேண்டும். இவ்விதிகள் ஏட்டில் எழுதப்படாமல் மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கைமாறி வந்தவை.

இதைப் பொற்காலமாகப் போற்ற வேண்டியதில்லை. கனமான கல்லைத் தூக்குவதும் தேய்ப்பதும் துருப்பிடிக்காமல் காப்பதும் பெண்களின் தலையில் விழுந்த வேலைகள். ஆப்பச்சட்டியில் ஆப்பம் ஒட்டினால் பழி சட்டிக்குப் போகவில்லை, ஊற்றியவளுக்கே போயிற்று. இந்தப் பின்னணியில்தான் நான்ஸ்டிக் தவா அடைந்த வெற்றியைப் புரிந்துகொள்ள முடியும். அது எண்ணெயை மட்டும் மிச்சப்படுத்தவில்லை, ஏச்சையும் மிச்சப்படுத்தியது.

3. உருளையில் உறைந்த வாயு

1938 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் நியூஜெர்சியில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில், குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ராய் பிளங்கெட் ஓர் உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை; ஆனால் உருளையின் எடை குறையவும் இல்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே மெழுகு போன்ற வெண்பொடி இருந்தது. வாயு தானே பலபடியாகி உறைந்திருந்தது. பாலிடெட்ராஃபுளூரோஎத்திலீன் என்னும் அப்பொருளை எந்த அமிலமும் எளிதில் அரிக்கவில்லை, எதுவும் அதில் ஒட்டவும் இல்லை. கரிமவேதியியலில் மிக வலிய பிணைப்புகளுள் ஒன்றான கார்பன்-ஃபுளூரின் பிணைப்பே அதற்குக் காரணம்.

அதன் முதற்பெரும் பயன் அடுக்களையில் அமையவில்லை. அணுகுண்டு ஆக்கத்துக்கான மன்ஹாட்டன் திட்டத்தில், எதையும் அரிக்கும் யுரேனியம் ஹெக்சாஃபுளூரைடைக் கையாண்ட குழாய்களுக்கும் அடைப்புகளுக்கும் அது பயன்பட்டது. போருக்குப் பின் டெஃப்லான் என்ற வணிகப்பெயரோடு சந்தைக்கு வந்தது.

எதிலும் ஒட்டாத பொருளைப் பாத்திரத்தில் எப்படி ஒட்டவைப்பது என்பது அடுத்த சிக்கல். பிரான்சின் பொறியாளர் மார்க் கிரெகுவார் 1954-இல் இதற்கு விடை கண்டார். அலுமினியப் பரப்பை அமிலத்தால் அரித்து நுண்குழிகளை உண்டாக்கி, பூச்சை அவற்றுக்குள் பிடிக்கச் செய்தார். இம்முறையைச் சமையல் சட்டியில் கையாளும்படி தூண்டியவர் அவர் மனைவி கொலெத் என்பர். 1956-இல் டெஃபால் நிறுவனம் பிறந்தது. டெஃப்லான், அலுமினியம் என்ற இரு சொற்களின் கூட்டே அப்பெயர். இந்தியாவில் 1968-இல் ஔரங்காபாத்தில் நிர்லெப் நிறுவனம் இத்தகைய பாத்திரங்களைச் செய்யத் தொடங்கியது. பூச்சு அற்றது என்று பொருள்படும் வடசொல்லைப் பூச்சுப் பாத்திரத்துக்குப் பெயராக வைத்தது ஒரு வரலாற்று வேடிக்கை.

4. கழிவு சென்ற வழி

வீட்டில் கல்லைப் பழக்கியபோது எழுந்த புகை அந்த வீட்டுக் கூரை வழியே போயிற்று. தொழிற்சாலையில் பூச்சுப்பொருளைச் செய்தபோது எழுந்த கழிவு வேறொருவர் ஊருக்குப் போயிற்று.

டெஃப்லான் தயாரிப்பில் துணைப்பொருளாகப் பயன்பட்டது பெர்ஃபுளூரோஆக்டனாயிக் அமிலம், சுருக்கமாகப் பி.எஃப்.ஓ.ஏ. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பார்க்கர்ஸ்பர்க் அருகிலுள்ள டூபாண்ட் ஆலை 1951 முதல் இதைப் பயன்படுத்தியது. 1990-களின் இறுதியில் வில்பர் டென்னன்ட் என்ற விவசாயி, தம் மாடுகள் வரிசையாக இறப்பதைக் கண்டு ராபர்ட் பிலட் என்ற வழக்கறிஞரை நாடினார். வழக்கின் வழியே ஆலையின் உள் ஆவணங்கள் வெளிவந்தன. அதன் விளைவாக அமைந்த அறிவியல் குழு, ஏறத்தாழ 69,000 பேரின் இரத்த மாதிரிகளையும் உடல்நலத் தகவல்களையும் அடிப்படையாகக் கொண்டு ஆராய்ந்தது. சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய் உள்ளிட்ட ஆறு நோய்நிலைகளோடு இவ்வமிலத்துக்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012-க்குள் அது முடிவு கூறியது. 2017-இல் ஏறத்தாழ 67 கோடி டாலருக்கு வழக்குகள் தீர்க்கப்பட்டன. 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இவ்வமிலத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2023-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென வகைப்படுத்தியது.

சட்டியை வாங்கியவருக்கு நேர்ந்ததைக் காட்டிலும் ஆலையின் நீரைக் குடித்தவருக்கு நேர்ந்தது பெரிது என்பதே இதில் நோக்கத்தக்கது. கொல்லங்கோட்டு மக்களுக்கு இந்நிலை அயலானதன்று. அதே சித்தூர் வட்டத்தில், பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000-இல் கோகோ கோலா ஆலை தொடங்கியது. கிணறுகள் வற்றியும் கெட்டும் போனதாகக் கூறி, மயிலம்மா உள்ளிட்ட பழங்குடிப் பெண்கள் 2002-இல் ஆலைவாயிலில் போராட்டம் தொடங்கினர். 2004-இல் ஆலை நின்றது. டெஃப்லானுக்கும் பிளாச்சிமடைக்கும் வேதியியல் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் பொருள் ஓரிடத்தில் துய்க்கப்பட, அதன் சுமை வேறோரிடத்துக் கிணற்றில் இறங்கும் முறை இரண்டிலும் ஒன்றே.

அச்சுமை நாடும் கடக்கிறது. இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் இதே குடும்ப வேதிப்பொருள்களால் நிலத்தடி நீரைக் கெடுத்த மித்தேனி ஆலை 2018-இல் நொடித்து மூடப்பட்டது. அதன் இயந்திரங்கள் விற்கப்பட்டு, மகாராஷ்டிரத்தின் இரத்னகிரி மாவட்டத்திலுள்ள லோட்டே பரசுராம் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்தன.

5. வீட்டில் செய்யத்தக்கது

இவ்வரலாறு தவாவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இன்று விற்கும் பாத்திரங்களில் பி.எஃப்.ஓ.ஏ. பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. பூச்சின் துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் வெளியேறிவிடும். உண்மையான இடர் கடுஞ்சூட்டில் இருக்கிறது. ஏறத்தாழ 260 பாகை செல்சியசுக்கு மேல் பூச்சு சிதையத் தொடங்கும். 350-ஐத் தாண்டினால் நச்சுப்புகை எழும். கூண்டுப் பறவைகள் அப்புகையில் இறந்துள்ளன. மனிதருக்குக் காய்ச்சல் போன்ற நோய் கண்டுள்ளது. தோசைக்கு ஏறத்தாழ 200 பாகையே போதும். ஆனால் வெறும் தவா பெருந்தீயில் சில நிமிடங்களிலேயே அவ்வெல்லையைக் கடந்துவிடும்.

பெரும்பாலான தவாக்கள் கெடுவது, இரும்புக் கல்லின் பழக்கங்களை அவற்றின்மேல் தொடர்வதால்தான். கல்லை நன்றாகக் காயவிட்டு, நீர் தெளித்து, சுரீரென்ற ஓசையைக் கேட்டு மாவூற்றுவது இரும்புக்குரிய முறை. தவாவில் அது பூச்சையும் அடித்தட்டையும் ஒருசேரக் கெடுக்கும். தவாவை மிதமான தீயில் வைத்து, சிறிது எண்ணெயோடு சூடாக்கி, விரைவில் மாவூற்ற வேண்டும். இரும்புத் தோசைத்திருப்பிக்குப் பதில் மரத்தாலானதைக் கொள்ள வேண்டும். சுட்ட தவாவைக் குழாய்நீரில் நீட்டலாகாது. ஆறியபின் மென்மையான பஞ்சால் கழுவ வேண்டும். உலர்சூட்டில் சுடும் சப்பாத்திக்கு இரும்பே உரியது. கனமான அடியுடையதை வாங்கினால் சூடு ஒரே இடத்தில் குவியாது. பூச்சு உரிந்து உலோகம் தெரியத் தொடங்கினால் தவாவின் ஆயுள் முடிந்தது. செராமிக் பூச்சில் ஃபுளூரின் சேர்மங்கள் இல்லை. ஆனால் அதன் வழுக்கும் தன்மை விரைவில் குறையும்.

இரண்டுக்குமுள்ள அடிப்படை வேறுபாடு காலத்தில் இருக்கிறது. தவா வாங்கிய நாளில் தன் உச்சத்தில் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு நாளும் தேயும். இரும்புக் கல்லோ வாங்கிய நாளில் எதற்கும் உதவாது; சுடச்சுடத் தேறும். பூச்சு போனால் தவா குப்பைக்குப் போகிறது. கல்லின் படலம் போனாலோ, சிறிது எண்ணெயும் ஒரு வெங்காயமும் அதை மீட்டுத் தரும். முட்டைக்கும் மென்மையான ஆப்பத்துக்கும் ஒரு தவாவைக் கவனமாக நெடுநாள் வைத்திருப்பதும், நாள்தோறும் சுடும் தோசைக்குக் கல்லைப் பழக்குவதும் அறிவார்ந்த பங்கீடு. கல்லைப் பழக்கும் உழைப்பு இம்முறை ஒரு பெண்ணின் தலையில் மட்டும் விழாமல், அந்த வீட்டில் தோசை உண்போர் அனைவருக்கும் உரியதாக வேண்டும். அப்போதுதான் ஒட்டாமையின் விலையை அதைத் துய்ப்பவரே கொடுத்ததாகும்.