கேஸ் மீட்டரும் ஒரு பள்ளிக்கூடமும்



போன வாரம் எங்கள் வீட்டில் நான்கு நாள் அடுப்பு எரியவில்லை என்று குடும்பக் குழுவில் புலம்பியிருந்தேன். சிலர் போன் செய்து விசாரித்தீர்கள். நன்றி. அடுப்பு இப்போது எரிகிறது. அந்த நான்கு நாளில் நான் செய்யவிருந்த ஒரு தவறையும், அதையொட்டி நினைவுக்கு வந்த வரலாற்றையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிடம் கேட்டவர்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

ஒரகடம் சாலையில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் குழாய் வழியாக கேஸ் வருகிறது. சுவரில் நீர்க்கசிவு சரிசெய்ய மீட்டரைக் கழற்றினார்கள். வேலை முடிந்து மீட்டரைத் திரும்பவும் மாட்டிவிட்டார்கள். ஆனால் கேஸ் வரவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தால், "மீட்டர் மாட்டினால் போதாது சார், எங்கள் ஆள் வந்து சோதித்த பிறகுதான் திறக்க முடியும், நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்" என்றார்கள். இன்று, நாளை என்று நாள் போனது. மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வெளியே இருக்கும் வால்வுதானே, கால் திருப்பு திருப்பினால் ஆயிற்று என்று கிளம்பிவிட்டேன். "இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பொறுமை சொல்லிக்கொடுத்தவர் நீங்கதானா?" என்று வீட்டம்மா கேட்ட பிறகு உட்கார்ந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1980-களில் இந்தப் பக்கம் விறகும் வறட்டியும் மண்ணெண்ணெயும்தான். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர். 1991-க்குப் பிறகு ராஜீவ் காந்தி நினைவும் சேர்ந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. ஏரிக்கரையில் மாடு மேய்ந்த இடத்தில் அடுக்ககங்கள் எழுந்தன. 2018-ல் நடந்த நகர எரிவாயு ஏலத்தில் காஞ்சிபுரம் மாவட்டமும் சேர்ந்தது. 2019-ல் எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறந்தார்கள். எண்ணூரிலிருந்து செங்கல்பட்டு வரை 115 கிலோமீட்டர் குழாய்ப் பாதை 2022 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

நமக்கு இது புதுசு. உலகத்துக்கு இருநூறு வருஷப் பழசு. 1792-ல் வில்லியம் முர்டாக் என்பவர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நிலக்கரி வாயுவால் தன் வீட்டில் விளக்கேற்றினார். 1812-ல் லண்டனில் கேஸ் கம்பெனிக்கு அரசு சாசனம் கிடைத்தது. 1857-ல் கல்கத்தா வீதிகளிலேயே கேஸ் விளக்கு எரிந்தது.

ஆரம்பத்தில் மீட்டர் கிடையாது. எத்தனை விளக்கு, எத்தனை மணி நேரம் என்று பேசிப் பணம் வாங்கினார்கள். பேசிய நேரத்துக்கு மேல் எரிகிறதா என்று பார்க்கக் கம்பெனி ஆள் தெருவில் நடப்பாராம். சாமுவேல் கிளெக் என்ற பொறியாளர் மீட்டரை உருவாக்கிய பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது. 1890-களில் ஏழைத் தொழிலாளர் வீடுகளுக்குக் காசு போடும் மீட்டர் வந்தது. ஒரு பென்னி போட்டால் அதற்குரிய கேஸ் வரும், தீர்ந்தால் விளக்கு அணையும். அதில்தான் ஆபத்து. குமிழைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தூங்கிப்போவார்கள். வேறு யாரோ அடுத்த காசு போடுவார்கள். எரியாத கேஸ் அறைக்குள் நிறையும். நின்றுபோன கேஸ் திரும்பி வரும் நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம் என்பது அப்போதே தெரிந்த பாடம்.

இனி அந்தப் பள்ளிக்கூடம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர். எண்ணெய்க் கிணறுகளால் செழித்த ஊர், பெரிய பள்ளி. 1937 தொடக்கத்தில், செலவைக் குறைக்க, வழக்கமான இணைப்பை விட்டுவிட்டு, எண்ணெய்த் தொழிலில் மிஞ்சிப்போகும் கேஸ் குழாயிலிருந்து இணைப்பு எடுத்துக்கொண்டார்கள். அந்த கேஸுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எங்கோ கசிந்து கட்டடத்தின் அடித்தளத்தில் சேர்ந்தது. யாருக்கும் தெரியவில்லை. மார்ச் 18, மதியம் மூன்று மணி தாண்டி, பள்ளி விடச் சில நிமிடங்களே இருந்தபோது, தொழிற்கூடத்தில் ஓர் ஆசிரியர் மின்சார இயந்திரத்தை இயக்கினார். ஒரு பொறி போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ 295 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள்.

அந்த ஆண்டே டெக்சாஸில் கேஸுக்கு வாடை சேர்க்கச் சட்டம் வந்தது. பிறகு உலகெங்கும் அது வழக்கமானது. இன்று நம் சமையலறையில் மூக்கைத் துளைக்கும் அந்த அழுகிய வாடை கேஸின் வாடை அல்ல, மெர்காப்டன் என்ற சேர்மத்தின் வாடை. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத எச்சரிக்கை அது. முப்பது வருஷம் வரலாறு நடத்தினேன். பானிப்பட் போர்கள் மூன்றையும் தேதியோடு ஒப்பிக்க வைத்தேன். இதை ஒரு நாளும் சொன்னதில்லை என்று வருத்தமாக இருக்கிறது.

நான்காம் நாள் தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். முதலில் அடுப்புக் குமிழ்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு கேஸைத் திறக்காமல், குழாயில் காற்றை ஏற்றி, அழுத்தமானியைப் பார்த்தபடி நின்றார். "ஐயா, முள் இறங்குது" என்றார். மீட்டர் இணைப்பில் சோப்பு நீர் தடவினார். குமிழி குமிழியாக நுரை வந்தது. உள்ளே வாஷர் சரியாக உட்காரவில்லை. முந்தின நாள் நான் திறக்கப் போனது அந்த வால்வைத்தான். எனக்குக் கை நடுங்கியது.

புது வாஷர் போட்டு மீண்டும் சோதித்தார். முள் அசையவில்லை. ஜன்னல்களைத் திறக்கச் சொல்லிவிட்டு, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினார். "காற்றும் கேஸும் கலந்திருக்கும்போது கொளுத்தக் கூடாது ஐயா" என்றார். அவர் சொன்னது சரி. இயற்கை எரிவாயு காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும். கடைசியில் அடுப்பைப் பற்றவைத்தார். கொஞ்சம் திக்கி, பிறகு நீலமாக நின்று எரிந்தது. வீட்டம்மா அவருக்குத்தான் முதல் காபி போட்டார்.

நாள் கடத்தியதற்காக அலுவலகத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஒழுங்காக நேரம் சொல்லியிருக்கலாம். ஆனால் சோதிக்காமல் திறக்க மாட்டேன் என்றதில் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

அடுக்ககங்களில் இருக்கும் பிள்ளைகளே, மீட்டரைக் கழற்றி மாட்டினால் நீங்களாக வால்வைத் திறக்காதீர்கள். சோதனையின்போது கூடவே நில்லுங்கள், முள்ளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து போன் செய்யுங்கள். வயதான பெற்றோர் தனியாக இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். அவர்கள்தான் என்னைப் போல அவசரப்படுவார்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்